சிபாரிசு வேறு, அறிமுகம் வேறு

வாசகர் கேள்வி – பதில்: வேலையும் தகுதியும்

படித்த படிப்புக்கும் செய்கிற வேலைக்கும் தொடர்பில்லாமல் போனவர்களிடமிருந்து இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் சற்று நீண்டுவிட்டது. அதில் கேட்கப்பட்டிருப்பதைத்தான் மற்றவர்களும் வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள் என்பதால் அதைச் சுருக்கவில்லை.

கேள்வி: நான் இயந்திரப் பொறியியல் படித்து 2020ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றேன். ஊரடங்கால் எங்கள் கல்லூரியில் அந்த ஆண்டு கேம்பஸ் தேர்வு நடக்கவில்லை. மூன்று ஆண்டுகளாக மதுரை நகரில் உணவு டெலிவரி செய்கிறேன். பெட்ரோல் செலவு போக மாதம் 16,000 ரூபாய் நிற்கும். இணைய வேலைவாய்ப்புத் தளங்கள் வழியாக நானூறு நிறுவனங்களுக்கு மேல் விண்ணப்பித்தும் இரண்டே நேர்காணல்கள்தான் வந்தன. குரூப் 4 தேர்வையும் எழுதிப் பார்த்துவிட்டேன். ஆள் தெரிந்தால்தான் வேலை கிடைக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் தந்தை கைத்தறி நெசவாளர். எங்களுக்கு யாரையும் தெரியாது. சிபாரிசு கேட்டு இன்னொருவர் வாசலில் நிற்கவும் மனம் வரவில்லை. நான் என்ன செய்வது?
– வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் வரும் சிபாரிசிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊரில் இரண்டு வேறு செயல்களுக்கு ஒரே பெயர் வைத்துவிட்டோம். தகுதி இல்லாத ஒருவரைத் தகுதி உள்ளவருக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைப்பது சிபாரிசு. அதற்கு வெட்கப்படுவது நல்ல வளர்ப்பின் அடையாளம். தகுதி உள்ள ஒருவர் இங்கே இருக்கிறார் என்ற செய்தி, ஆள் தேடுகிறவரின் காதுக்குப் போய்ச் சேர்வது அறிமுகம். அதில் யாருடைய இடமும் பறிபோவதில்லை. முதலாவதன் மேல் உள்ள அருவருப்பால் இரண்டாவதையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிற நேர்மையான பிள்ளைகளை நான் ஆண்டுக்கணக்கில் பார்த்து வருகிறேன். நெட்வொர்க்கிங் என்று இன்று பெரிதாகப் பேசப்படுவது இந்த அறிமுகத்தைத்தான்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் பதினான்கு ஆண்டுகள் உற்பத்திப் பிரிவில் இருந்தேன். அங்கே ஓர் இடம் எப்படி நிரம்பும் என்பதைச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை முதல் ஷிஃப்டுக்குத் தர ஆய்வாளர் ஒருவர் வரமாட்டார். கைப்பேசியில் அழைத்தால் ஓரகடத்தில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொல்வார். புதன்கிழமை சரக்கு அனுப்பியாக வேண்டும். சூப்பர்வைசர் உடனே விளம்பரம் எழுத உட்கார மாட்டார். பக்கத்தில் நிற்கும் மூத்த ஆபரேட்டரிடம், "உங்களுக்குத் தெரிந்த பையன் யாராவது இருக்கிறானா?" என்று கேட்பார். அன்று மாலை டீக்கடையில் அந்தக் கேள்வி நான்கு பேருக்குப் போகும். மறுநாள் ஒரு பையன் நுண்ணளவுகளை அளக்கும் மைக்ரோமீட்டரைப் பிடித்துக் காட்டுவான், அதற்கடுத்த நாள் வேலையில் இருப்பான். இதில் லஞ்சமும் இல்லை, சாதியோ உறவோ பார்த்த தயவும் பெரும்பாலும் இல்லை. அவசரம் மட்டுமே உண்டு. அந்த இடம் காலியாக இருந்தது என்பதே உங்கள் வேலைவாய்ப்புத் தளத்துக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் நானூறு விண்ணப்பங்கள் அனுப்பியது, இப்படி நிரம்பியவை போக மிஞ்சிய இடங்களுக்கு. அவற்றுக்கும் உங்களைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் ஒரே பொத்தானை அழுத்தி விண்ணப்பித்திருப்பார்கள்.

எங்களுக்கு யாரையும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் ஏற்கவில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில் புதிதாக வேலை மாறியவர்களிடம் சென்று, அந்த வேலையைப் பற்றி யார் மூலம் அறிந்தீர்கள் என்று கேட்டார். 1973ஆம் ஆண்டு வெளியான அவருடைய கட்டுரையில், அறிமுகத்தின் மூலம் வேலை பெற்றவர்களுள் அந்த நபரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 16.7 விழுக்காடு மட்டுமே. எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 விழுக்காடு, மிக அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 விழுக்காடு. காரணம் எளிது. நம்மோடு தினமும் பழகுகிறவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். உங்கள் நெருங்கிய நண்பர்களும் டெலிவரி செய்துகொண்டிருந்தால், அவர்களுடைய அன்பு எவ்வளவு பெரியதானாலும், அவர்களிடம் புதுச் செய்தி இருக்காது. கல்லூரியில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்து இப்போது ஒசூரில் இருப்பவனிடம் அது இருக்கும்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நான்கு ஆண்டுகள் உங்களோடு படித்த அத்தனை பேரின் பெயர்களையும், இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். சீனியர்களைச் சேருங்கள். உங்கள் கல்லூரிப் பணிமனையில் லேத்தில் கற்றுக்கொடுத்த பயிற்றுநரை மறக்க வேண்டாம். பேராசிரியர்களைவிட அவர்களுக்குத்தான் தொழிற்கூடங்களோடு பழக்கம் அதிகம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கப்பலூர்ச் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே வேலை செய்கிற ஒருவராவது உங்கள் தெருவிலோ, தந்தையின் நெசவாளர் சங்கத்துக் குடும்பங்களிலோ இல்லாமல் இருக்க வழியில்லை. இப்படி எழுதினால் அறுபது பெயர்களுக்குக் குறையாது.

அவர்களிடம் என்ன கேட்கிறீர்கள் என்பதில்தான் காரியம் இருக்கிறது. "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டால், அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லாததால் "பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுவார். அடுத்த முறை உங்களைக் கண்டால் சங்கடப்படுவார். மாறாக, அவருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். உங்கள் கம்பெனியில் என்ன பாகம் செய்கிறீர்கள், எந்த எந்திரத்தில் செய்கிறீர்கள், தர ஆய்வுக்கு ஆள் எடுக்கும்போது என்ன கேட்பார்கள், என்ன தெரியாததால் ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார்கள்? தன் வேலையைப் பற்றி ஒருவர் அக்கறையோடு கேட்டால் பேசாத தொழிலாளியை நான் பார்த்ததில்லை. அரை மணி நேரம் பேசி முடிக்கும்போது உங்களைப் பற்றி அவருக்கு ஒரு கணிப்பு உண்டாகியிருக்கும். ஆள் தேவைப்படும் நாளில் அவருக்கு நினைவு வரும் முகம் உங்களுடையதாக இருக்கும். விடைபெறும்போது, இது பற்றி இன்னும் தெரிந்த ஒருவரைச் சொல்ல முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதத்துக்கு நான்கு பேரிடம் இப்படிப் பேசினால் போதும்.

ஆனால் அந்த நாளில் மைக்ரோமீட்டரை எடுத்துக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியை விட்டு வந்து சில ஆண்டுகள் ஆனதால் கை மறந்திருக்கும், அதை ஒப்புக்கொள்வதில் இழிவில்லை. எல்லாவற்றையும் படிக்க முயலாமல் ஒரே வேலையைத் தேர்ந்தெடுங்கள். தர ஆய்வு என்று வைத்துக்கொண்டால், வரைபடம் வாசிப்பது, அதில் உள்ள டாலரன்ஸ் (அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு) குறியீடுகளைப் புரிந்துகொள்வது, வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ் ஆகியவற்றைக் கையாள்வது, அளந்ததைப் படிவத்தில் பிழையின்றி எழுதுவது ஆகிய நான்கும்தான் முதல் நாள் தேவை. விண்ணப்பம் அனுப்பும்போதும் இந்த ஒரு வேலையின் பெயரையே சுயவிவரத்தின் மேலே போடுங்கள். டெலிவரி செய்த ஆண்டுகளை மறைக்காதீர்கள். மூன்று ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நேரம் தவறாமல் வேலை செய்தவரை எந்தச் சூப்பர்வைசரும் குறைவாக எண்ண மாட்டார். வெறுமையாக விடப்பட்ட மூன்று ஆண்டுகளைப் பார்த்துத்தான் ஐயப்படுவார்.

குரூப் 4 பற்றி ஒரு வார்த்தை. 2022ஆம் ஆண்டுத் தேர்வில் 7,301 பணியிடங்கள் அறிவிக்கப்பட்டபோது ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைக் குறைந்தபட்சத் தகுதியாகக் கொண்ட அத்தேர்வில் ஓர் இடத்துக்கு முந்நூறு பேர். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக மற்ற முயற்சிகளை நிறுத்திவைத்து ஆண்டுகளைக் கழிக்க வேண்டாம் என்கிறேன். உங்களைப் போன்றவர்களின் இழப்பு அரசுக் கணக்கில்கூடத் தெரிவதில்லை. நம் நாட்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பின் வாராந்திர அளவுகோலின்படி, ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். பொறியியல் படித்து உணவுப் பொட்டலம் சுமக்கும் நீங்களும் அந்தக் கணக்கில் எந்தக் குறையும் இல்லாதவர். தகுதிக்குக் குறைந்த வேலையையும் அளக்க வேண்டும் என்று தொழிலாளர் புள்ளியியலாளர்களின் பன்னாட்டு மாநாடு 1998ஆம் ஆண்டிலேயே தீர்மானம் போட்டிருக்கிறது. நம்முடைய தலைப்புச் செய்திகளில் இன்னும் வேலையின்மை விகிதம் மட்டுமே பேசப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உங்கள் வீட்டில் இப்போது படித்து முடிக்கிற தம்பி, தங்கை இருந்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 1973ஆம் ஆண்டிலிருந்து பொறியியல் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ படித்தவர்களுக்கும் பொருந்துகிறது. அப்ரண்டிஸ் பயிற்சிக்கான தென்மண்டல வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. உதவித்தொகை குறைவுதான். ஆயினும் அந்த ஓர் ஆண்டில் கிடைக்கும் மனிதர்களின் பழக்கம், பின்னால் பத்து ஆண்டுகளுக்கு உதவும். படித்து முடித்த புதிதிலேயே பதிவு செய்ய வேண்டும்.

கேள்வி: ஒரு கன்சல்டன்சி, பெரிய மென்பொருள் நிறுவனத்தில் பின்வாசல் வழியாக வேலை வாங்கித் தருவதாகவும் 80,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. நம்பலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: நம்ப வேண்டாம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், பணம் அனுப்பிய சான்றுகளோடு காவல் நிலையத்திலோ 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலோ இன்றே புகார் செய்யுங்கள். உண்மையான ஆட்சேர்ப்பு நிறுவனத்துக்கு ஊதியம் கொடுப்பது ஆள் எடுக்கும் கம்பெனியே.

கேள்வி: வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று நெட் தேர்விலும் வென்றேன். ஒன்பது ஆண்டுகளாக அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000 ரூபாய். கோடை விடுமுறையில் ஊதியம் இல்லை. என்னிடம் இளநிலை படித்த பெண்கள் மருந்து நிறுவனங்களில் சேர்ந்து என்னைவிட அதிகம் வாங்குகிறார்கள். 38 வயதில் துறை மாறுவது நடக்கிற காரியமா? நிரந்தரப் பணி வரும் என்று இன்னும் காத்திருக்க வேண்டுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, உங்கள் ஊதியத்தில் நியாயம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டு சனவரியில், கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம், மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மிகாமல் வழங்கலாம் என்று நெறிமுறை வகுத்தது. நீங்கள் பெறுவது அதில் பாதி. இது உங்கள் தகுதிக்குக் கிடைத்த மதிப்பெண் என்று ஒருபோதும் எண்ணாதீர்கள்.

காத்திருப்பதா, போவதா என்ற கேள்வியை இப்படி இரண்டாகப் பிரிக்க வேண்டியதில்லை. வகுப்பில் இருந்தபடியே இன்னொரு கதவைத் தட்டலாம். ஒன்பது ஆண்டுகள் கற்பித்ததில் உங்கள் உலகம் கல்லூரிகளுக்குள்ளேயே அடங்கிவிட்டது என்பதுதான் இப்போதைய தடை. உங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் உங்களைப் போலவே காத்திருப்பவர்கள். அந்த வட்டத்தில் புழங்கும் பேச்சு, அடுத்த தேர்வு அறிவிப்பு எப்போது என்பது மட்டுமாகத்தான் இருக்கும்.

உணவு, குடிநீர், மருந்து ஆகியவற்றைச் சோதிக்கும் ஆய்வகங்கள் உங்கள் படிப்புக்கு நேரடியாகப் பொருந்துகிறவை. ஆய்வகங்களை மதிப்பிடும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெறுவதற்கு அவை ஐ.எஸ்.ஓ. 17025 என்ற தரநிலையைப் பின்பற்ற வேண்டும். கருவியை இயக்கத் தெரிந்தால் மட்டும் அதற்குப் போதாது. ஒரு சோதனை முறை சரியானதா என்று நிறுவுவதும், அளவீட்டில் எவ்வளவு ஐயப்பாடு இருக்கலாம் என்று கணக்கிடுவதும் தேவை. ஆராய்ச்சி செய்து பழகியவருக்கு இது கைவந்த கலை. கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி., ஜி.சி. போன்ற கருவிகளில் நீங்கள் எவற்றைக் கையாண்டீர்கள், எத்தனை மாதிரிகளைச் சோதித்தீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பத்துப் பக்கங்களுக்கு நீளும் கல்லூரிப் பாணி சுயவிவரத்தில் கட்டுரைகளின் பட்டியலுக்கு நடுவே இந்தத் திறமைகள் மூழ்கிப்போகும்.

உங்கள் ஊரிலேயே தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் இருக்கிறது. காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே நடக்கும் பயிலரங்குகளுக்குச் செல்லுங்கள். உங்கள் பழைய மாணவிகளைக் கேட்பதற்குத் தயங்குகிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. என் கணிப்பில், உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த தொடர்பு அவர்கள்தான். தங்களுக்குக் கற்பித்தவர் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் ஆய்வகத்தில் என்ன செய்கிறீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்டால் அந்தப் பெண்கள் பெருமைப்படுவார்கள். ஆசிரியர் மாணவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது தாழ்ச்சி ஆகாது.

முனைவர் பட்டம் பெற்றவர் இங்கே நிலைக்க மாட்டார் என்று சில ஆய்வகங்கள் தயங்கக்கூடும். அவர்கள் கேட்பதற்கு முன்பே, ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள், எத்தனை ஆண்டுகள் இருக்க எண்ணுகிறீர்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பட்டத்தை மறைப்பது வேண்டாம். பின்னால் தெரியவரும்போது நம்பிக்கை கெடும்.

கேள்வி: மென்பொருள் சோதனைப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் வேலை செய்தேன். குழந்தைகளுக்காக ஏழு ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டேன். பழைய அணியினரை இத்தனை நாள் கழித்து, வேலைக்காக மட்டும் தொடர்புகொள்வது சுயநலம் ஆகாதா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஆகாது. அன்று உங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள் இன்று அணித் தலைவர்களாக இருப்பார்கள், நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள் என்பது அவர்களுக்கு நேரில் தெரியும். வேலை தேடுகிறேன் என்பதை முதல் செய்தியிலேயே ஒளிக்காமல் சொல்லுங்கள். நலம் விசாரிப்பதாகத் தொடங்கி நான்காவது நாள் வேலையைப் பற்றிப் பேசுவதுதான் உறுத்தும். லிங்க்ட்இன் தளத்தில் ஏறத்தாழ 2 கோடிப் பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்து 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கணினி மிகுந்த துறைகளில் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுவது இத்தகைய தளர்ந்த தொடர்புகளே என்று காட்டியது. ஏழு ஆண்டு இடைவெளிக்குச் சுயவிவரத்தில் ஒரு வரி போதும், விளக்கமோ மன்னிப்போ வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் கையால் செய்யும் சோதனை குறைந்து தானியங்கிச் சோதனை பெருகிவிட்டது. செலினியம் போன்ற ஒரு கருவியைக் கற்று, ஒரு சிறிய செயலியைச் சோதித்த குறிப்புகளோடு பேசத் தொடங்குங்கள்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பில் தவறியவன். அண்ணனிடம் வெல்டிங் கற்று, கத்தாரில் எரிவாயு ஆலைகளில் 11 ஆண்டுகள் பைப் வெல்டராக இருந்தேன். ஆர்கான் வெல்டிங், ராடு வெல்டிங் இரண்டும் செய்வேன், 6ஜி என்ற குழாய் வெல்டிங் சோதனையிலும் தேறியவன். 2021இல் ஊர் திரும்பிய பின் கிரில் பட்டறையில் 900 ரூபாய்க் கூலிக்குக் கதவும் சன்னல் கம்பியும் ஒட்டுகிறேன். எங்கே போனாலும் ஐ.டி.ஐ. சான்றிதழ் கேட்கிறார்கள். மறுபடியும் வெளிநாடு அனுப்ப ஏஜென்ட் 1,20,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?
– வாசகர், இராமநாதபுரம்

பதில்: உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். குழாயை 45 பாகைச் சாய்வில் அசையாமல் நிறுத்தி, அதைத் திருப்பாமல் சுற்றிலும் ஒட்டி, அந்த ஒட்டு எக்ஸ்ரேயிலோ வளைப்புச் சோதனையிலோ தேறினால்தான் 6ஜி. பட்டம் பெற்ற எத்தனையோ பேருக்கு வாய்க்காத கைத்திறன் அது. அந்தக் கை சன்னல் கம்பி ஒட்டிக்கொண்டிருப்பது உங்களுக்கு மட்டுமான இழப்பு என்று நான் நினைக்கவில்லை.

வெல்டருக்கு வழங்கப்படும் தகுதிச் சான்று பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்கும் அந்த வேலைக்கும் உரியது. கம்பெனியை விட்டு வந்தால் அது செல்லாது, புதிய இடத்தில் மறுபடி சோதனை கொடுக்க வேண்டும். ஆகவே சான்றிதழ் இல்லை என்று வருந்துவதைவிட, சோதனை கொடுக்கத் தயார் என்று சொல்வது உங்களுக்கு உகந்த வழி. அதற்கேற்ற ஊர் திருச்சிராப்பள்ளி. கொதிகலன் செய்யும் பொதுத்துறை நிறுவனமான பெல்லைச் (BHEL) சுற்றித் திருவெறும்பூர், துவாக்குடிப் பகுதிகளில் கொதிகலன் பாகங்கள் செய்யும் தொழிற்கூடங்கள் நிறைய உண்டு. 1975ஆம் ஆண்டு பெல் நிறுவனம் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான் இருக்கிறது. வெல்டர்களுக்கான பயிற்சியும் தகுதிச் சோதனையும் அங்கே உண்டு, நேரில் சென்று விசாரியுங்கள். உயர் அழுத்தக் கொதிகலன் வேலைக்கு, மாநிலக் கொதிகலன் இயக்ககத்தின் வெல்டர் தேர்வு தனியாக இருக்கிறது. ஐ.டி.ஐ. தேர்வைத் தொழில் அனுபவம் உள்ளவர்கள் தனித்தேர்வர்களாக எழுதவும் வழி உண்டு. வெல்டர் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்பதால், பத்தாம் வகுப்பில் தவறியது உங்களுக்குத் தடையாக இருக்காது.

போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கத்தாரில் உங்கள் வேலையைப் பார்த்த ஃபோர்மேன்கள், வெல்டிங் இன்ஸ்பெக்டர்கள் ஆகியோரின் எண்கள் பழைய கைப்பேசியில் இருக்கும். அவர்களுள் பலர் தமிழராகவோ மலையாளியாகவோ இருப்பார்கள். சிலர் இப்போது எண்ணூரிலோ மணலியிலோ கொச்சியிலோ ஆலைப் பணிகளில் இருக்கவும் கூடும். ஒவ்வொருவரையும் அழைத்து, "நான் ஊரில் இருக்கிறேன், 6ஜி சோதனை கொடுக்கத் தயார், எங்கே ஆள் எடுக்கிறார்கள்?" என்று கேளுங்கள். ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்திவைக்கும் ஷட்டவுன் பணி வரும்போது சில வாரங்களுக்கு நல்ல வெல்டர்களைத் தேடி அலைவார்கள். அந்த வேலை விளம்பரத்தில் வராது, இன்ஸ்பெக்டரின் வாட்ஸ்அப்பில்தான் வரும்.

ஏஜென்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். பதிவு பெற்ற முகவர் உங்களிடமிருந்து வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அவர் கேட்பது அதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. வெளிநாடு செல்வதே முடிவு என்றால், 1978ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். எந்த முகவரிடம் சென்றாலும், பதிவு எண்ணை வாங்கி, மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அந்த எண் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கடவுச்சீட்டைக் கையில் கொடுங்கள்.